பதில் எழுதிய கை

நோயாளி தன் கால் வலியைத் தானே எழுத வேண்டும், கூட வந்தவர் எழுதக் கூடாது. இந்த விதியை நோயேமி பர்ராசா ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது சொல்லுவாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் போதும், பேனா மனைவியின் கைக்குப் போயிருக்கும்.

அமெரிக்க எல்லை ஊரான எல் பாசோவில், அவள் வேலை செய்யும் கால் மருத்துவமனைக்கு வரும் ஆண்களின் வழக்கம் அப்படி. வங்கித் தாளிலிருந்து பிள்ளைகளின் பள்ளிக்கூடத் தாள் வரை வீட்டில் எல்லாம் எழுதுவது மனைவிதான். நோயேமி முறைத்தால் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்பார்கள். வாழ்நாளில் கண்ணாடியே வாங்காதவர்கூட அதைத்தான் சொல்லுவார். நாற்பத்தொரு வயதில் இதற்கெல்லாம் சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. சரி, நீங்கள் வாயால் சொல்லுங்கள், அவர் எழுதட்டும் என்று விட்டுவிடுவாள். தப்பு அங்கேதான் தொடங்கியது.

அவர்கள் எழுத வேண்டியது ஆங்கிலத்தில் நெடுநாளாகப் புழங்கும் ஒரு கேள்வித்தாள். மொத்தம் இருபத்தாறு கேள்விகள். காலையில் முதல் அடி வைக்கும்போது எவ்வளவு வலிக்கிறது? மேடு பள்ளத்தில் நடந்தால்? படி ஏறினால்? படி இறங்கினால்? ஒவ்வொன்றுக்கும் ‘கொஞ்சமும் இல்லை’ என்பதில் தொடங்கி ‘தாங்க முடியவில்லை’ வரை ஐந்து கட்டங்கள். அதை ஸ்பானிய மொழியில் எழுதி, அந்த மொழி பேசுகிறவர்களிடம் அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் பொறுப்பை டாக்டர் கின்தானா எடுத்திருந்தார். தாள்களைக் கொடுத்து வாங்குவது நோயேமியின் வேலை.

சோதனை எளிமையானது. ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் ஒருவர் இன்று ஒரு தடவை எழுதுவார். பதினாலு நாள் கழித்து அதே தாளை மறுபடியும் எழுதுவார். நடுவில் சிகிச்சை ஏதும் கிடையாது. உடைந்த எலும்பு உடைந்தபடியேதான் இருக்கும். ஆகவே இரண்டு தாளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இருந்தால் கேள்வித்தாளை நம்பலாம்.

ஐம்பது பேரில் முப்பத்தொன்பது பேருக்கு அப்படித்தான் இருந்தது. பதினோரு பேருக்கு இல்லை. முதல் தாளில் வலியால் துடித்தவர்கள் இரண்டாம் தாளில் இருபத்தாறு கேள்விக்கும் ‘கொஞ்சமும் இல்லை’ என்று எழுதியிருந்தார்கள்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் வலியை மறைக்கிறார்கள் என்றார் டாக்டர் கின்தானா. நோயேமிக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. பிறகு பதினோரு பேரின் தாள்களையும் மேசையில் ஜோடி ஜோடியாகப் பரப்பினாள். முதல் தாளில் வலியைக் குறித்த கோடுகள் மெல்லியதாக, மேலே வளைந்து போயிருந்தன. இரண்டாம் தாளில் கோடுகள் தாளைக் கிழிப்பது போல அழுத்தமாக விழுந்திருந்தன. முதல் தாளை எழுதியது மனைவி. இரண்டாவதை எழுதியது, தனியாக வந்த கணவன். பதினோரு ஜோடியிலும் அப்படியே.

தன் கவனக்குறைவு அம்பலமாகிவிட்டதே என்றுதான் அப்போது அவளுக்கு வருத்தம். வேறு எதுவும் தோன்றவில்லை.

அந்தப் பதினோரு பேரில் சபாஸ் டெர்ராசாஸ் ஒருவர். கூரை போடும் வேலைக்காரர். ஏணியிலிருந்து விழுந்து இடது கணுக்கால் நொறுங்கியிருந்தது. விசாரிப்பதற்காக நோயேமி அவரை வரச் சொன்னாள். சபாஸ் காத்திருக்கும் அறைக்குள் பையன் மாதிரி நடந்து வந்தார். அவர் பின்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து வந்தது அவர் மனைவி எலோயிசா.

எக்ஸ்ரே எடுத்தார்கள். சபாஸின் கணுக்கால் பழையபடியே நொறுங்கிக் கிடந்தது. எலோயிசாவின் காலையும் எடுத்துப் பார்த்தார் டாக்டர். முத்துப் போல எலும்பு, ஒரு கீறல் இல்லை. அந்தக் காலை வெறும் விரலால் தொட்டதற்கே அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சபாஸ் காரை எடுக்கப் போன நேரத்தில் நோயேமி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எலோயிசா அம்மா, எப்போ இருந்து இப்படி?”

“உன் ஃபாரத்தை எழுதினேன் பாரு, அன்னைக்கு ராத்திரியில இருந்து” என்றாள் அவள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. சந்தையில் தக்காளி விலை சொல்வது போலச் சொன்னாள். “அந்தாளு வாயால சொன்னாரு, நான் எழுதினேன். எழுதினது எனக்கு வந்திருச்சு. மாதா கோயில்ல பார்க்கிறேனே மகளே, உன் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போன பொம்பளைங்க நாலு பேரு நொண்டுறோம். ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்க்கிறதில்லை.”

நோயேமி அவளுக்கு ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மனம் விளையாடும், மனைவிமார்களுக்கு இப்படி ஆவது உண்டு என்பது போல. எலோயிசா கையை ஆட்டி நிறுத்தினாள்.

“வலி மட்டும் வரல. அவர் நடக்கிறதும் வருது. அவர் படி ஏறுறது எனக்கு இங்கே தெரியுது.” தன் குதிகாலைக் காட்டினாள். “எங்க வீட்டுல படியே கிடையாது. ஏணிக்கம்பி வேற மாதிரி, பாதத்து நடுவுல அழுத்தும், அது எனக்குத் தெரியாதா. இது கல்லுப் படி. வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. முதல்ல எட்டுப் படி ஏறிட்டுத் திரும்பிருவாரு. மனசாட்சி உறுத்தியிருக்கும். அப்புறம் பதினஞ்சு. நேத்து இருபத்திரண்டு. தைரியம் வந்திருச்சு கிழவனுக்கு. மேல எவளோ ஒருத்தி இருக்கா.”

அவரே ஒரு முறை தாளை எழுதினால் வலி திரும்பிவிடுமா என்று நோயேமி கேட்டாள். இரண்டாம் தாளை அவர்தான் எழுதினார், அப்போது அவருக்கு வலி இல்லை, இல்லாததை எழுதினால் என்ன வரும் என்றாள் எலோயிசா. வலிக்கிறது என்று எழுத வேண்டும். யார் எழுதுவார்கள்?

“நீங்க கேட்டுப் பார்த்தீங்களா?”

“கேட்க மாட்டேன்” என்றாள் எலோயிசா. “கேட்டு அவர் திருப்பி வாங்கிட்டா, அப்புறம் எங்கே போறாரு வர்றாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

வெளியே சபாஸ் ஹாரன் அடித்தார்.

நோயேமி அன்று வீட்டுக்குப் போகும்போது அவள் பைக்குள் எழுதாத கேள்வித்தாள்கள் சில இருந்தன. எதற்கு எடுத்தோம் என்று தன்னிடமே அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் கணவன் எலியாசருக்கு வலது குதிகால். பதினாலு மாதத்துக்கு முன் கிடங்கில் பெட்டி அடுக்கும்போது மேல் தட்டிலிருந்து நின்றபடியே விழுந்தவன். குதிகால் எலும்பு மண் சட்டி போல உடைந்தது. இரண்டு ஆபரேஷன் ஆகிவிட்டது. நோயேமி வேலை செய்யும் இடம் என்பதால் அவனை ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை.

கல்யாணமான புதிதில் அவளை நடனத்துக்கு அழைத்துப் போய், விளக்கு அணைக்கிற வரைக்கும் விடாதவன் அவன். இப்போது கூடத்து நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அவள் கைபட்டால் சுருங்குவான். தூக்கமும் அந்த நாற்காலியில்தான். பேச்சு குறைந்து, ‘ம்’ என்பதும் ‘வேண்டாம்’ என்பதும் மிஞ்சின. முந்தின வாரம் டாக்டரிடம் அவனாகவே கேட்டான், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் என்ன என்று. டாக்டர் யோசிக்கச் சொன்னார். யோசித்துவிட்டேன் என்றான். வருகிற புதன்கிழமை காலை ஏழு மணிக்கு நாள் குறித்தாகிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் அவள் மாட்டிறைச்சிச் சூப்பும் சோளரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். கூடவே தாளையும் பேனாவையும்.

“ஆஸ்பத்திரி வேலையை வீட்டுக்கும் கொண்டாந்துட்டியா?”

“உதவி பண்ணேன். புதுசா ஒருத்தி வர்றா, கேள்வி கேட்கிறது எப்படின்னு அவளுக்குக் காட்டணும். நீ சும்மா பதில் சொல்லு, நான் எழுதிக்கிறேன்.”

அவன் மறுத்துவிடுவான் என்றுதான் நினைத்தாள். பதினாலு மாதமாக வலியைப் பற்றி யாரும் அவனிடம் இத்தனை பொறுமையாகக் கேட்டதில்லை போலும். முதல் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னான். ஐந்தாவது கேள்விக்கு ஒரு வாக்கியம். பத்தாவதற்கு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு, காலையில் தரையில் கால் வைப்பதற்கு முன்னால் தான் பத்து வரை எண்ணுவதைச் சொன்னான். அவளுக்கு அது தெரியாது. பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறாள், தெரியாது.

தாங்க முடியவில்லை. தாங்க முடியவில்லை. அதிகம். தாங்க முடியவில்லை. அவள் கட்டங்களை நிரப்பிக்கொண்டே போனாள். மேலே நோயாளியின் பெயர் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

ஒன்றும் ஆகவில்லை. பாத்திரம் கழுவப் போனாள். பாதி கழுவுகையில் வலது குதிகாலில் ஒரு சூடு. முதலில் வெந்நீர் சிந்திவிட்டதோ என்று குனிந்து பார்த்தாள். தரை காய்ந்திருந்தது. சூடு எலும்புக்குள் இறங்கி அங்கே கண்ணாடித்தூள் போலப் பரவியது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதையா, பதினாலு மாதமாக இதையா இந்த மனுஷன் ‘ம்’ என்ற ஒரு எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தான் என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

கூடத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. எலியாசர் சமையலறை வாசலில் நின்றான். ஊன்றுகோல் இல்லாமல்.

புதன்கிழமை ஆபரேஷனுக்கு அவன் போகவில்லை. டாக்டர் கின்தானா எக்ஸ்ரேயைப் பார்த்துத் தலையை ஆட்டினார், மறைக்கிறான் என்று நினைத்திருப்பார். அந்த நாட்களில் வீடு வேறு வீடாக இருந்தது. அவன் காலையில் முட்டை பொரித்தான், எதிர் வீட்டுக்காரரை வம்புக்கு இழுத்தான், ராத்திரி அவள் பக்கத்தில் வந்து படுத்தான். எலும்பு இன்னும் உடைந்துதான் இருக்கிறது, ஊன்றுகோலை விடாதே என்று அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். அவன் ஒவ்வொரு தடவை காலை ஊன்றும்போதும் அவளுக்கு உயிர் போனது. மருத்துவமனையில் கால் சுளுக்கிக்கொண்டது என்று சொல்லிவைத்தாள். வலியைத் தாங்கலாம், இவன் சிரிக்கிறானே என்று இருந்தது அவளுக்கு.

வியாழக்கிழமை டாக்டர் ஆபரேஷன் அறையில் இருப்பார், நோயேமிக்கு மத்தியானத்தோடு விடுமுறை. எலியாசர் மடியில் கூடையை வைத்துக்கொண்டு கொட்டைகளை உடைத்துப் பருப்பு எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு காலும் முக்காலி மேல். அவள் எதிரே உட்கார்ந்து ஓடு பொறுக்கினாள். சுவர்க் கடிகாரத்தில் நாலு.

அவள் குதிகாலில் ஓர் அடி விழுந்தது.

கல்லுப் படி. வலி கால் முழுக்கப் பாய்ந்து, பாரம் முன்பாதத்துக்கு மாறி, மேலே எழும்பியது. அடுத்த படி. அவள் எலியாசரின் காலைப் பார்த்தாள். காலுறை போட்ட கால், முக்காலி மேல், அசையாமல். மூன்றாவது படி. அவன் ஒரு பருப்பை வாயில் போட்டு மென்றான். நாலு. ஐந்து. ஆறாவது படியில் அது நின்றது. திரும்பவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, பிறகு இல்லாமல் போனது.

“என்னடி, பேயைப் பார்த்த மாதிரி பார்க்கிறே?” என்றான் எலியாசர்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் எலோயிசாவின் வீட்டுக்குப் போனாள். சபாஸ் கூரை வேலைக்குப் போயிருந்தார். எலோயிசா காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் அவளைவிட வயதானது போலக் கலங்கிக் கிடந்தது. நோயேமி நடந்ததைச் சொன்னாள். தன் கணவன் கண் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான் என்றும், சபாஸும் தப்பு எதுவும் செய்திருக்க மாட்டார் என்றும் சொன்னாள். இதைக் கேட்டு அவள் மனம் ஆறுமென்று எதிர்பார்த்தாள்.

எலோயிசா குனிந்து தண்ணீருக்குள் கால் கட்டைவிரலைத் தடவினாள்.

“நேத்து இருபத்தொன்பது. மேல ஒரு கதவு இருக்கு மகளே. கால் கட்டைவிரல் அதுல இடிச்சுது.” பிறகு தாழ்ந்த குரலில், “வேற பொம்பளையாவே இருந்திருந்தா தேவலை” என்றாள்.

கதவு திறந்தால் என்ன ஆகும் என்று இருவரும் பேசவில்லை. சபாஸிடம் உண்மையைச் சொல்லித் தாளை எழுத வையுங்கள் என்றாள் நோயேமி. கதவு வரைக்கும் வந்துவிட்டதை அந்தாள் தலையில் கட்டுவேனா, முப்பத்திரண்டு வருஷம் சோறு போட்டவன் என்று எலோயிசா திருப்பிக் கேட்டாள். நோயேமியின் நிலைமையும் அதேதான். கதவை எட்ட இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. எலியாசரிடம் சொன்னால் அவன் வலியைத் திருப்பி வாங்கிக்கொள்வான். சொல்லாவிட்டால் அது ஏறி வரும். சொல்வதில்லை என்று அங்கே, அந்த வாளிக்குப் பக்கத்தில், முடிவு செய்தாள்.

அடுத்த வியாழன் மத்தியானம் வீட்டுக் கதவைத் திறந்தபோது, வாசலில் மூன்று படி ஏறி வந்த அவள் கால் சட்டென்று லேசானது. இரண்டு வாரமாக உள்ளே இருந்த கண்ணாடித்தூள் இல்லை. ஒரு நொடி சந்தோஷம்தான் வந்தது. பிறகு கூடத்துக்கு ஓடினாள்.

எலியாசர் பழைய நாற்காலியில், முகம் சாம்பலாக, மூக்கு நுனியில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தான். மடியில் கேள்வித்தாள். இருபத்தாறு கேள்விக்கும் தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தமான கோடுகள்.

“நேத்து ராத்திரி கார் சாவி தேடினேன். உன் பையில என் பேரை எழுதின தாள் இருந்துச்சு, கூடவே வெறும் தாளும். ஒண்ணை எடுத்துக்கிட்டேன்” என்றான். “நான் சொன்னதை நீ எழுதின அன்னைக்குத்தான் எனக்கு விட்டுச்சு. அன்னைக்குத்தான் உனக்குச் சுளுக்கு. பெட்டி தூக்குறவன்னா மூளை கிடையாதுன்னு நினைச்சியா?”

“உனக்கு வலி இல்லையே. இல்லாததை எப்படி எழுதினே?”

“எனக்கு இல்லைதான். நீ நடக்கிறதைப் பார்த்து எழுதினேன்.”

அவள் அவன் காலடியில் உட்கார்ந்து அவனைத் திட்டினாள். திட்டத் தெரிந்த எல்லா வார்த்தையாலும் திட்டினாள். படி ஏறுவதை மட்டும் சொல்லவில்லை. ஒருவேளை அது பெண்களிடம் மட்டும்தான் வருமோ, ஆணுக்கு வராமல் போகுமோ என்று ஒரு நப்பாசை. எதையோ பேசி நேரத்தைக் கடத்தினாள். கடிகாரத்தின் பக்கம் திரும்பாமல் இருந்தாள்.

எலியாசர் திடீரென்று முன்னால் குனிந்தான். தன் காலை அவன் பார்த்த பார்வை, தெரியாத ஒருவரைப் பார்ப்பது போல இருந்தது.

“நோயேமி, நான் உட்கார்ந்துதானே இருக்கேன்?”

“ஆமா.”

“அப்போ யாரு ஏறுறது?”

அவள் அவன் பாதத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். அது அசையவே இல்லை. ஆனால் அவன் ஒவ்வொன்றாக, மூச்சுக்குள், எண்ணினான். ஏழு, எட்டு, ஒன்பது. வெட்டிவிட்டாலும் இது ஏறும் என்றான். கால் அதற்கு வேண்டியதில்லை, வலிதான் வேண்டியிருக்கிறது.

நோயேமி எழுந்து பையிலிருந்து கடைசித் தாளை எடுத்தாள். மேலே நோயாளியின் பெயர் என்ற இடத்தில் முதலில் அவன் பெயரையும், பக்கத்திலேயே தன் பெயரையும் எழுதினாள். பேனாவை அவன் விரல்களுக்குள் வைத்து, அந்தக் கை மேல் தன் கையை வைத்து மூடினாள். இரண்டு பேர் ஒரு தாளை எழுதக் கூடாது என்று எங்கேயும் விதி இல்லை. யாருக்கும் அது தோன்றியிருக்காது.

காலையில் முதல் அடி வைக்கும்போது எவ்வளவு வலிக்கிறது? இருவரும் பார்த்துக்கொண்டார்கள். நடுக்கட்டத்தில் போட்டார்கள். மேடு பள்ளத்தில்? நடுக்கட்டம். கோடு கோணலாக, குழந்தை கிறுக்கியது போல விழுந்தது. பத்தாவது கேள்வியில் அவள் குதிகாலில் சூடு தொடங்கியது. அவன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. பதினெட்டாவது கேள்வியில் அவளும் படியை உணர்ந்தாள். பாதி பாரம், பாதி வலி. பத்து, என்றான் அவன். பதினொன்று, என்றாள் அவள்.

இருபத்தாறாவது கேள்விக்குக் கோடு போட்டு முடித்தபோது, பன்னிரண்டாவது படிக்குத் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பேனாவை விடாமல் காத்திருந்தார்கள்.

அது காலைக் கீழே வைக்கவில்லை. மேலும் ஏறவில்லை. தனக்குப் பின்னால் இன்னொரு காலடி கேட்டது போல, அங்கேயே நின்றபடி, மெல்லத் திரும்பியது.